மருந்துத் தவிடு

இருதயநாதன் அண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. தன் குளத்து மீனைத் தின்ற ஆளைச் சும்மா விடமாட்டார். பாலக்கரையில் மாதா கோவில் வாசலோ, டீக்கடையோ, எங்கே ஆள் மாட்டினாலும் மடக்கிக் கேட்பார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுண்ணே."

"நல்லான்னா? எப்படி நல்லா? சதை கெட்டியா இருந்துச்சா? சேத்து வாடை அடிச்சுச்சா? கொழுப்பு நாக்குல ஒட்டுச்சா?"

ஒருதடவை சலூனில் பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். சவரம் செய்கிறவர் கத்தியை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றுவிட்டார். மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன பிறகுதான் மீதித் தாடி போயிற்று.

கேட்பதற்குக் காரணம் இருந்தது. அவர் அப்போது மீன் தின்பதில்லை. மகள் டோரதிக்கு முதல் கரு அஞ்சாம் மாசத்தில் தங்காமல் போனது. அடுத்து எண்பத்து நாலு ஏப்ரலில் மறுபடி குளிக்காமல் இருக்கிறாள் என்று அவள் புகுந்த ஊர் புள்ளம்பாடியிலிருந்து கடிதம் வந்ததும், அண்ணன் கோவிலுக்குப் போய் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, வேளாங்கண்ணிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் மீனைத் தொடுவதில்லை. கறியை விட்டிருக்கலாம், பீடியை விட்டிருக்கலாம். எது உசிரோ அதை விட்டால்தானே நேர்ச்சை என்பார். அதுவும் சரிதான். மீன் என்றால் தலையைக்கூட விடாமல் உறிஞ்சுகிற மனுஷன்.

நான் செபஸ்தியான். அவருக்கு எதிர்வீடு. ஒரு காலேஜில் விலங்கியல் துறையில் லேப் அட்டெண்டர். தவளையைக் கழுவி, பாட்டிலில் பார்மலின் ஊற்றி, பிள்ளைகள் கத்திரிக்கோலைச் சுருட்டாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் பதினைந்து வருஷம் பாடம் காதில் விழுந்தால் ஆட்டுக்குட்டிக்குக்கூட நாலு வார்த்தை இங்கிலீஷ் வந்துவிடும்.

அண்ணன் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்தவர். எழுபத்து நாலு ஸ்டிரைக்கில் வேலை போயிற்று. மூணு வருஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். எல்லோரும் ஓடினார்கள். இவர் போகவில்லை. "தள்ளுனா போவணும், கூப்பிட்டா வரணும்னா நான் என்ன நாயா?" என்றார். ரோசம்மாள் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குளத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். இடம் ஒரு ஐயங்காருடையது. குளத்தில் என்ன செய்யப் போகிறீர் என்று அவர் கேட்க, அண்ணன் தயங்கித் தயங்கி மீன் என்று சொல்ல, "அதை நேக்குச் சொல்லாதேயும். குளத்துல பெருமாள் மத்ஸ்யாவதாரமா எழுந்தருளியிருக்கார்னு நான் பாட்டுக்கு நெனச்சுக்கறேன்" என்றாராம். அப்புறம் ஒருநாளும் அந்தக் கரைப்பக்கம் அவர் வரவில்லை.

தினம் விடிகாலையில் அண்ணன் சைக்கிளில் தவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நானும் போவேன். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தேங்காய் அளவுக்கு உருண்டை பிடிப்பார். குளத்துக்குள் நட்ட மூங்கிலில் கூடை தொங்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப்போய் உருண்டைகளைக் கூடையில் வைத்துவிட்டு மூங்கிலில் மூன்று தட்டு தட்டுவார். அவ்வளவுதான். நாலாபக்கமும் தண்ணீர் மடிப்பு மடிப்பாக வரும். கட்லாக்கள் முதுகு காட்டும். ரோகு கூடையை முட்டும்.

"பாத்தியா, மணி அடிச்சதும் கேன்டீனுக்கு வர்ற மாதிரி" என்பார். ஒர்க்ஷாப் புத்தி போகவில்லை.

தவிடு உறையூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லிலிருந்து வந்தது. அங்கே கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டவர் அப்துல் சலாம் பாய், நல்ல மனுஷர். எண்பத்து நாலு கோடையில், அண்ணன் வாங்குகிற தவிட்டில் வண்டு விழுந்துவிட்டது. பாயிடம் போய்ச் சண்டை போட்டார். பாய் உள்ளே கூட்டிப்போய் வேறு மூட்டைகளைக் காட்டினார். ரொம்ப நாளாகக் கிடந்தவை, சுவரோரம் சிந்தியதைக் கூட்டி அள்ளியவை. ஆனால் ஒரு வண்டு கிடையாது.

"இது எப்படி பாய் சுத்தமா இருக்கு?"

"இது மருந்து போட்ட தவிடுங்க. மூட்டைக்கு மேல, கீழ, தரையில, எல்லாம் போட்டிருக்கு. ஒரு பூச்சி அண்டாது."

"அப்ப எனக்கு இதையே குடுங்க."

அன்றிலிருந்து அண்ணன் சாதாத் தவிடு வாங்குவதில்லை. மில்லில் போய் நின்று "மருந்துத் தவிடு" என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குவார். மீனுக்கும் சீக்கு வராதாம். மருந்து போட்ட தவிட்டைத் தின்கிற மீனுக்குச் சீக்கு எப்படி வரும்?

அந்தத் தவிட்டை நானும் மோந்திருக்கிறேன். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தாற்போல ஒரு மக்கின வாடை. முதல் வாரம் விரல் அளவுக் குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு மிதந்தன. வெயில் தாங்கவில்லை என்றார் அண்ணன். நானும் ஆமாம் போட்டேன். மருந்து பாட்டில்களோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

மீன் நன்றாக வளர்ந்தது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பியபோது கட்லா ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருந்தது.

டோரதி பிரசவத்துக்கு வந்தாள். கிறிஸ்மஸ் கழிந்து மூணாம் நாள், மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று, ஆண்பிள்ளை பெற்றாள். அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேர் வைத்துவிட்டார்: மாசிலாமணி. மாப்பிள்ளை வீட்டில் அந்தோணி என்று ஏதோ யோசித்து வைத்திருந்தார்களாம். யாரைக் கேட்டார் இவர்!

பிள்ளை பிறந்து ஒரு வாரம் பால் சரியாக ஊறவில்லை. அண்ணனுக்குக் கேட்க வேண்டுமா! தினம் ஒரு மீன் வந்தது. புளி ஆகாது என்று மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, மண்சட்டியில் அண்ணி குழம்பு வைப்பாள். மீனை வெட்டுவது மட்டும் அண்ணன். அரிவாள்மணையில் உட்கார்ந்து, வயிற்றுத் துண்டை மஞ்சள் கொழுப்போடு அப்படியே தனியாக எடுத்து வைப்பார். நடுத்துண்டு அண்ணிக்கு. வாலும் தலையும் எதிர்வீட்டுக்கு, அதாவது எனக்கு.

"அப்பா, தெகட்டுதுப்பா. வாலைக் குடுங்களேன் ஒருநாள்" என்பாள் டோரதி.

"வாலுல என்ன இருக்கு? சத்து பூரா வயித்துலதான். தின்னும்மா. உனக்கா குடுக்கறேன்? எம் பேரனுக்குக் குடுக்கறேன்."

"அப்ப அவனையே திங்கச் சொல்லுங்க."

"தின்னுக்கிட்டுதான் இருக்கான், உன் வழியா. எப்படி இருக்கு?"

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாரு! நல்லா இருக்குப்பா. கெட்டியா இருக்கு, வாடை இல்ல, நாக்குல ஒட்டுது. போதுமா?"

பால் ஊறியது. மாசிலாமணி குடித்துவிட்டு வாயோரம் வழிய வழியத் தூங்குவான். நாற்பது நாளில் கன்னம் இரண்டும் பன்னு மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு முன்னால், நவம்பரிலேயே, எங்கள் துறைப் பேராசிரியர் பிலோமின்ராஜ் சார் மீன் கொழுப்பைப் பற்றி ஏதோ ஆராய்ச்சிக்காக அஞ்சு குளத்து மீன் கேட்டிருந்தார். நாலு குளம் அவர் சொன்னது. அஞ்சாவது நான் சொன்னது. காலேஜுக்கே என் மீன் போகிறது என்று அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே பெரிய கட்லாவைப் பிடித்துக் கொடுத்தார். நான்தான் அறுத்துக் கொழுப்பைத் தனியே எடுத்தேன். சின்னக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கோயமுத்தூரில் ஒரு லேபுக்கு அனுப்பினோம். அப்புறம் மறந்தே போய்விட்டேன்.

பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பதில் வந்தது. சார் என்னைக் கூப்பிட்டார். அதிர்ந்து பேசாத மனுஷர். சாக்பீஸைக்கூட உடையாமல் வைப்பார்.

"செபஸ்தியான், அஞ்சாம் நம்பர் யார் குளம்?"

"இருதயநாதன் அண்ணனோடது சார். எங்க எதிர்வீடு."

"மத்த நாலுலயும் பி.எச்.சி., டி.டி.டி. கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. இப்ப எதுலதான் இல்ல? ஆனா இவரு மீனுல அதைப்போல நாப்பது மடங்கு இருக்கு. என்ன தீனி போடறாரு?"

எனக்கு உடனே அந்த வாடை மூக்கில் ஏறியது. அவரையே கேளுங்க சார் என்றேன். ஒருநடை கூட்டிக்கொண்டு வா என்றார்.

மறுநாள் காலை குளத்தங்கரைக்கே போனேன். அண்ணன் இடுப்புத் தண்ணீரில் நின்றார்.

"அண்ணே, சார் உங்களைப் பாக்கணும்னாரு."

"எதுக்கு? மெடல் குத்தப் போறாங்களா?"

"வாங்களேன், போயிட்டு வந்துரலாம்."

"இரு, பசியோட இருக்குதுங்க" என்று மூங்கிலில் மூன்று தட்டு தட்டினார். மீன்கள் வந்தன. போடாதீங்கண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். லேபில் ஸ்டூலில் உட்கார வைத்து சார் கேட்டார்.

"மீனுக்கு என்ன தீனிங்க போடறீங்க?"

"மருந்துத் தவிடு சார். சாதாத் தவிடு நான் தொடறதே இல்ல."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "மருந்துன்னா?"

"மருந்துதான் சார். பூச்சி வராம இருக்கப் போடறது. வெள்ளையா, மாவு மாதிரி."

"அது பூச்சி மருந்துங்க."

"ஆமா சார். மருந்து."

"மருந்து இல்லீங்க, விஷம். பூச்சியைக் கொல்ற விஷம். அதுக்கும் நம்ம ஜனங்க மருந்துன்னே பேர் வெச்சுட்டாங்க."

அண்ணன் சிரித்தார். "என்ன சார், விஷத்தைத் தின்ன மீனு இப்படிக் கொழுக்குமா? வந்து பாருங்க, ஒண்ணொண்ணும் என்ன கனம்னு."

"சாகற அளவுக்கு அதுல இல்ல. அதான் வினை. செத்திருந்தா நீங்க அன்னைக்கே நிறுத்தியிருப்பீங்க. இது தண்ணியில கரையாதுங்க. கொழுப்புலதான் கரையும். மீன் திங்கறது செரிக்கும், கழியும். இது மட்டும் கழியாது. இன்னைக்குத் தின்னது, நேத்துத் தின்னது, எல்லாம் கொழுப்புல போய் உக்காந்துக்கும். நாளுக்கு நாள் ஏறும்."

வாய்க்கால் மடையில் மீன் பிடிக்க வைக்கிற பறி அண்ணன் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

"பறி மாதிரியா சார்? உள்ள போக வழி இருக்கும், வெளிய வர வழி இருக்காது?"

"அதேதான்."

"அந்த மீனை மனுசன் தின்னா?"

"மனுசனும் பறிதான்."

அண்ணன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். "பிள்ளை பெத்தவ தின்னா சார்?"

சார் என்னைப் பார்த்தார். டோரதி என்றேன். நாற்பது நாளாக என்றேன்.

"எந்தத் துண்டு?"

"வயித்துத் துண்டு சார்" என்றார் அண்ணன். "நல்ல கொழுப்பா... நானே பாத்து எடுத்து வெப்பேன்."

ஜன்னலுக்கு வெளியே பெண்பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"இறக்கறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குமா சார்?"

"இந்த மருந்துக்கு மருந்து இல்லீங்க."

"வெளிய வர வழியே கிடையாதா?"

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்சம் தெரிந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

"ஒரு வழி இருக்கு. பொம்பளைங்களுக்கு மட்டும். தாய்ப்பால்லயும் கொழுப்பு இருக்கு. அதுல வரும்."

அண்ணனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்தது முகத்தில் தெரிந்தது. ஸ்டூலைவிட்டு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"அவ உடம்பை விட்டு அவன் உடம்புக்கா?"

"பயப்படாதீங்க. இன்னைக்கு, நாளைக்கு எதுவும் ஆயிடாது. பத்து வருசம், இருபது வருசம் கழிச்சு என்ன ஆவும், ஆவுமா ஆவாதான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பாலை நிறுத்திடாதீங்க, டாக்டரம்மாவைக் கேளுங்க. அவங்களும் அதைத்தான் சொல்லுவாங்க. மீனை நிறுத்துங்க. அதுதான் நம்ம கையில இருக்கு."

வெளியே வந்ததும் சைக்கிளை உறையூருக்குத் திருப்பினார். பின்னாலேயே நானும் மிதித்தேன். சலாம் பாய் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து பட்டாணி கொறித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சட்டையைப் பிடிப்பார் என்றுதான் நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"பாய், அந்தத் தவிட்டுல போட்டது விஷமா?"

"ஆமாங்க. மருந்துன்னு சொன்னேனே."

"மருந்துன்னுதான சொன்னீங்க. விஷம்னு சொல்லலையே."

"அல்லாவே! மருந்துன்னா, திங்கற மருந்துன்னா எடுத்துக்குவீங்க? வயலுக்கு மருந்து அடிக்கிறோம்னா டானிக்கா அடிக்கிறாங்க? மருந்தைக் குடிச்சுச் செத்தான்னு ஊர் பூரா சொல்றோமே!" கையில் இருந்த பட்டாணியைக் கீழே போட்டார். "மருந்துத் தவிடு குடுங்கன்னு நீங்கதானே கேட்டு வாங்குனீங்க? தீனிக்கு வேற மில்லுல எடுக்கறீங்க, இது கரையில எறும்புக்கோ என்னமோன்னு இருந்துட்டேன். தீனிக்கா? யா அல்லா, தீனிக்கா?"

அவரும் பொய் சொல்லவில்லை. யாரைத் திட்டுவது? மருந்து என்ற அந்த ஒற்றை வார்த்தையை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு ஒன்பது மாசம் நடந்திருக்கிறார்கள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணன் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "நான் ஒரு வாய் தின்னிருந்தா கண்டுபுடிச்சிருப்பேன்யா. ஒரே ஒரு வாய். ருசியில ஏதாச்சும் தட்டியிருக்கும். எவனைக் கேட்டாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னீங்க. உங்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சிருக்கும். நேர்ந்துக்கறேன்னு நாக்கைக் கட்டிப் போட்டுட்டேன். வீட்டுல ஊட்டிவிட்டவன் நான் ஒருத்தன், திங்காதவனும் நான் ஒருத்தன்."

வீட்டில் விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அண்ணி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். டோரதி அழவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவள், எதையும் முழுசாகக் கேட்டுக்கொள்வாள்.

"நாளைக்கே ஏதாச்சும் ஆயிடுமா சித்தப்பா?"

"இல்லன்னாரு."

"வேற பால் குடுக்கலாமா?"

"டாக்டரம்மாவைக் கேக்கச் சொன்னாரு. நிறுத்த வேணாம்னாரு."

"எப்பதான் இது எனக்குள்ளேருந்து தீரும்?"

"தெரியலம்மா."

அதற்குள் மாசிலாமணி விழித்துக்கொண்டு வீறிட்டான். டோரதி அவனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வாரி எடுத்தாள்.

"பசின்னு கத்தறான். நான் என்ன உங்க பேராசிரியரையா கூப்பிடறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். கொடு, நிறுத்தாதே, மீன் மட்டும் வேண்டாம். ஆனால் அதற்கப்புறம் பிள்ளை பால் குடிக்கிற நேரத்தில் அண்ணன் வீட்டுக்குள் இருக்கமாட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய் நிற்பார்.

மீன் பாக்கி இருந்தது. குளம் நிறைய மீன். கறி தின்னாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளுக்கென்று தெருவே சொல்லி வைத்திருந்தது. அண்ணி ஒருநாள் என்னை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம தெருவுக்கு வேணாங்க. காந்தி மார்க்கெட்ல மொத்தமா எடுத்துக்கறேங்கறாரு ஒருத்தரு. ஊருக்குள்ள எத்தனையோ மீனு. யாருக்குத் தெரியப் போவுது? ஒருநாள் தின்னா என்ன ஆயிடும்?"

"அங்க வாங்கறவன் வீட்டுல பிள்ளை பெத்தவ இருக்கமாட்டாளா?"

"மூணு வருசப் பாடுங்க."

"தெரியும் ரோசு. தெரியாதா எனக்கு?"

அண்ணி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீரை இறைத்தோம். இரண்டு நாள் இறைத்தோம். முழங்கால் தண்ணீர் வந்ததும் மீன்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. வலை இழுக்க ஆள் வந்திருந்தார்கள். கரையில் வெட்டிய குழியில் கொட்டச் சொன்னபோது அவர்கள் அண்ணனைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கிறுக்கு பிடித்த ஆளைப் பார்க்கிற பார்வை. குழிக்குள் கட்லாக்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. வெள்ளி வெள்ளியாக, ஒரு குறை சொல்ல முடியாத மீன்கள். அண்ணன் தன் கையாலேயே சுண்ணாம்பைப் போட்டு மண்ணைத் தள்ளினார். தட்டிய மூங்கிலைப் பிடுங்கி அதையும் குழியில் போட்டார்.

விபூதிப் புதன் காலையில் நெற்றியில் சாம்பலோடு கோவிலை விட்டு வரும்போது தெருக்காரி ஒருத்தி மடக்கினாள். "என்ன அண்ணே, எல்லாத்தையும் புதைச்சுட்டீங்களாமே! மருந்துக்கு ஒரு மீனாச்சும் வெச்சிருக்கக் கூடாது?"

ஊர் வழக்கில் சொன்னதுதான். துளிகூட மிச்சம் வைக்கவில்லையா என்று அர்த்தம். அண்ணன் நின்று அவளையே பார்த்தார். அவள் பயந்துபோய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

உண்மையில் ஒரு மீனை ஐஸில் போட்டு வைத்திருந்தார். அது எனக்கு மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலேஜ் அரைநாள். வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டிலிருந்து மிளகும் பூண்டும் கொதிக்கிற வாசனை வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். அடுப்படியில் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் மணையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு. சோறு. சோற்றின் மேல் வயிற்றுத் துண்டு, மஞ்சள் கொழுப்போடு. ஓரத்தில் எண்ணெய் மினுமினுத்தது.

"அண்ணே, என்ன பண்றீங்க? உங்களுக்கென்ன பைத்தியமா?"

"தள்ளு."

"நேர்ச்சைண்ணே. இன்னும் வேளாங்கண்ணி போகல."

"மாதாகிட்ட நான் பேசிக்கறேன். அவளும் பிள்ளை பெத்தவதான்." தலையைத் தூக்காமலே சொன்னார். "எனக்குத் தெரிஞ்சாவணும்யா. நான் தின்னிருந்தா கண்டுபுடிச்சிருப்பேனா மாட்டேனா? அது தெரியாம எனக்குத் தூக்கம் இல்ல. வாயில வெச்சதுமே தெரிஞ்சுதுன்னு வெச்சுக்க, அப்ப தப்பு என்னோடது. எம் பொண்ணு கால்ல விழுந்துடுவேன். விட்டுடு என்னை."

அறை வாசலுக்கு டோரதி வந்து நின்றாள். தடுப்பாள் என்று பார்த்தேன். தடுக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் துண்டைப் பிட்டார். முள் இருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்து, சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். இடப்பக்கம் ஒதுக்கினார், வலப்பக்கம் ஒதுக்கினார், நாக்கால் அழுத்தினார். ஒர்க்ஷாப்பில் விரிசல் இருக்கிறதா என்று இரும்பைத் தட்டிக் கேட்டவர் இல்லையா! அப்படித் தேடினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் எங்களையெல்லாம் பத்து மாசமாகக் கேட்டதை அவரிடமே கேட்டுவிட்டேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

விழுங்கினார். கண்ணைத் திறந்தார்.

"சதை கெட்டியா இருக்கு" என்றார். "சேத்து வாடை இல்ல. கொழுப்பு நாக்குல ஒட்டுது." கை தட்டிலேயே நின்றது. "நல்லா இருக்குய்யா செபஸ்தியான். ரொம்ப நல்லா இருக்கு."

சொல்லிவிட்டு, சோறு ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டோரதி வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் குழி தோண்டிக் கொட்டினாள். அவள் கையைக் கழுவிக்கொண்டு வரும்போது உள்ளே மாசிலாமணி பாலுக்கு அழ ஆரம்பித்திருந்தான்.